பிலிம்காரர் பையில் ஒரு டிஜிட்டல் டப்பா

பிலிமில் படமெடுக்கும் ஒருவர் தன் பையில் சின்ன டிஜிட்டல் காம்பாக்ட் ஒன்றையும் வைத்திருந்தால், சக பிலிம்காரர்கள் அவரை விரதத்தின் நடுவே வடை தின்றவரைப் போலப் பார்க்கிறார்கள். 36 ஃப்ரேமுக்குள் யோசித்து எடுக்கத் தெரியவில்லை, கைவசம் இருக்கும் கேமராமேல் நம்பிக்கை இல்லை என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பைப் போதுமான அளவு வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இப்படிப் பேசுகிறவர்களுக்குப் பிலிம்மேல் பக்தி இருக்கிறது, பிலிம் வேலை எப்படி நடந்துவந்தது என்ற ஞாபகம்தான் இல்லை. காம்பாக்ட் கேமரா பிலிமின் இடத்தைப் பிடிக்க வரவில்லை. பிலிம் வேலையில் பல பத்தாண்டுகள் இருந்து, பிறகு காலியாகிப்போன வேறொரு நாற்காலியில் அதை உட்காரவைக்கலாம் என்பதுதான் என் கட்சி.

அந்த நாற்காலி போலராய்டினுடையது. விளம்பர ஸ்டூடியோக்களில் மீடியம் ஃபார்மட், லார்ஜ் ஃபார்மட் கேமராக்களின் பின்பக்கத்தில் போலராய்டைப் போட்டு ஒரு சோதனைப் படம் எடுத்து, விளக்குகளை நகர்த்தி, மறுபடியும் ஒன்று எடுத்து, எல்லாம் சரி என்றான பிறகே உண்மையான பிலிமைத் தொடுவார்கள். அது அன்றாட நடைமுறை. யாரும் அதை ஒழுக்கக்கேடு என்று சொன்னதில்லை. ஒழுக்கம் பேசுகிறவர்கள் அடிக்கடி சாட்சிக்கு அழைக்கும் ஆன்சல் ஆடம்ஸ், போலராய்டு நிறுவனத்துக்கே நெடுங்காலம் ஆலோசகராக இருந்தவர். 2008-ல் போலராய்டு தன் உடனடிப் பிலிம் தயாரிப்பை நிறுத்தியது. மிச்சமிருந்த ஃபூஜிஃபிலிமின் எஃப்பி-100சி-யும் 2016-ல் நின்றுபோனது. சோதனைப் படம் என்ற ஏற்பாடு அத்தோடு போய்விட்டது, ஆனால் அதற்கான தேவை போகவில்லை. நமக்கு அது கூடித்தான் இருக்கிறது. ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் உள்நாட்டிலேயே ரோல் போட்ட காலம் முடிந்துவிட்டது. இன்று கடையில் கிடைக்கும் கலர் ரோல் இறக்குமதிச் சரக்கு. ரோல், கழுவும் கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்து 36-ஆல் வகுத்துப் பாருங்கள். கைதவறிப்போகும் ஒரு ஃப்ரேமின் விலை தெரியும்.

சோதனைக் கருவியாக காம்பாக்ட் முதலில் தன் பங்கைச் செலுத்துவது ஃப்ளாஷில். மற்ற வெளிச்சத்தைக் கண்ணால் பார்க்கலாம், கேமராவின் மீட்டரால் அளக்கலாம். ஃப்ளாஷ் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் வந்து போய்விடும். அதைச் சுவரில் அடித்துத் திருப்பினால் மூக்கின் நிழல் எங்கே விழும், மூக்குக்கண்ணாடியில் பளிச்சிடுமா, பின்னால் நிற்பவர் இருட்டில் போய்விடுவாரா என்பதெல்லாம் நெகட்டிவ் காயும்வரை தெரியாது. ஃப்ளாஷ் மீட்டர் அளவைச் சொல்லும், நிழலின் வடிவத்தைச் சொல்லாது. கேனான் பவர்ஷாட் ஜி வரிசை, பானசோனிக் எல்எக்ஸ்3 போல மேலே ஹாட் ஷூ உள்ள காம்பாக்ட் என்றால் அதே ஃப்ளாஷை அதில் மாட்டிப் பார்த்துவிடலாம். ஹாட் ஷூ இல்லையென்றால் காம்பாக்டின் சொந்த ஃப்ளாஷை மேனுவலில் ஆகக் குறைந்த அளவில் வைத்து, வெளி ஃப்ளாஷை ஆப்டிகல் ஸ்லேவில் இயக்க வேண்டும். ஆட்டோவில் விட்டால் படம் பதிவதற்கு முன்பே ஒரு முன்-ஃப்ளாஷ் பாயும். ஸ்லேவ் அதிலேயே ஏமாந்து தன் ஒளியைக் கொட்டிவிட்டு, வேண்டிய நேரத்தில் வெறுமனே நிற்கும்.

ஃப்ளாஷில் இன்னொரு கண்ணியும் உண்டு. காம்பாக்டின் ஷட்டர் பெரும்பாலும் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 1/500 நொடியிலும் ஃப்ளாஷோடு ஒத்துப்போகும். பென்டாக்ஸ் கே1000-ன் துணி ஷட்டர் 1/60-க்கு மேல் ஒத்துவராது. நிக்கான் எஃப்எம்2-வில் பிந்தைய உருப்படிகள் 1/250 வரை போகும். காம்பாக்டில் 1/500-ல் பார்த்து மகிழ்ந்த சமநிலையை கே1000-க்குக் கொண்டுபோனால், ஃப்ளாஷ் அளவு அப்படியே இருக்கும், சுற்றியுள்ள வெயில் மூன்று ஸ்டாப் கூடிவிடும். ஆகவே காம்பாக்டை உங்கள் பிலிம் கேமராவின் சிங்க் வேகத்துக்கு இறக்கிவைத்துத்தான் சோதிக்க வேண்டும். ஐஎஸ்ஓ 100, நண்பகல், 1/60 என்றால் எஃப் 22 வேண்டும். காம்பாக்டுகளோ பெரும்பாலும் எஃப் 8-உடன் நின்றுவிடுகின்றன. ஜி வரிசையின் சில மாடல்களில் உள்ளேயே மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் உண்டு. அதைப் போட்டால் எஃப் 8 என்பது எஃப் 22 செய்யும் வேலையைச் செய்துவிடும். விளம்பரங்களில் யாரும் கண்டுகொள்ளாத இந்தச் சின்ன வசதிதான் நமக்கு மெகாபிக்சலைவிட முக்கியம்.

இனி, எல்லாவற்றையும்விட அதிக நெகட்டிவைத் தின்கிற தவறுக்கு வருகிறேன். காம்பாக்டின் திரையில் படம் அழகாக வந்ததும், அது காட்டும் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் அப்படியே நெகட்டிவ் பிலிமுக்கு மாற்றுவதுதான் அது. ‘டிஜிட்டலை நம்பிக் கெட்டேன்’ என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் செய்திருப்பது இதைத்தான், பழி மட்டும் கேமரா மேல். டிஜிட்டலும் நெகட்டிவும் எதிரெதிர் முனைகளில் உயிரை விடுகின்றன. டிஜிட்டலில் வெளிச்சப் பகுதி ஒரு கட்டத்தைத் தாண்டினால் வெறும் வெள்ளை; அங்கே மீட்க எதுவும் இல்லை. அதனால் கேமராவின் கணக்கும் சரி, அதைப் பார்த்துத் திருத்தும் நம் கையும் சரி, வெள்ளை வெடிக்காமல் பார்த்துக்கொள்வதிலேயே குறியாக இருக்கின்றன. நெகட்டிவுக்கு வெள்ளை ஒரு பிரச்சினையே அல்ல, இரண்டு ஸ்டாப் கூடினாலும் தாங்கிக்கொள்ளும். நிழலில் போதிய ஒளி விழாவிட்டால்தான் அங்கே ஒன்றும் பதியாது. கழுவும்போது எவ்வளவு நேரம் நீட்டினாலும், பதியாத ஒன்று வந்து உட்காராது.

நம் ஊர் வெயிலில் இந்த வேறுபாடு கொஞ்சநஞ்சமாக நிற்பதில்லை. கோவில் மண்டபத்துக்குள் ஒரு தூணருகே ஆளை நிறுத்தி, பின்னால் வெயில் அடிக்கும் பிராகாரமும் தெரியும்படி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். வெளியே ஐஎஸ்ஓ 100-க்கு எஃப் 16, 1/125. உள்ளே தூணின் நிழல் பக்கம் அதிலிருந்து எட்டு, ஒன்பது ஸ்டாப் கீழே கிடக்கும். காம்பாக்ட் நடுவில் எங்கோ ஒரு சமரசம் செய்து, பிராகாரத்தைக் காப்பாற்றி, முகத்தைக் கொஞ்சம் இருட்டி, பார்வைக்கு நாடகத்தனமான ஒரு படத்தைக் காட்டும். அந்த எண்களில் நெகட்டிவ் எடுத்தால் முகத்தின் நிழல் பக்கம் கண்ணாடிபோல வெறிச்சென்று இருக்கும். இங்கே காம்பாக்டின் படத்தைப் பார்க்கக் கூடாது. அதை மீட்டராக மட்டும் பயன்படுத்த வேண்டும். ஸ்பாட் மீட்டரிங்கில் வைத்து, ஜூமை முழுவதும் இழுத்தால், அளக்கும் வட்டம் காட்சியின் ஒரு சின்னத் துண்டுக்குள் அடங்கிவிடும். தனியாக ஒரு ஸ்பாட் மீட்டர் வாங்கும் செலவு மிச்சம். விவரம் தெரிய வேண்டிய ஆக இருண்ட இடத்தை அப்படி அளந்து, அங்கிருந்து இரண்டு ஸ்டாப் குறைக்க வேண்டும். நிழல் எஃப் 4, 1/30 என்று காட்டினால் பிலிமுக்கு எஃப் 4, 1/125. ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த ஸோன் முறையில் மூன்றாம் ஸோனில் நிழலை வைப்பது என்பது இவ்வளவுதான். வெளியே பிராகாரம் மிதமிஞ்சிப் போகுமே என்றால், கழுவும் நேரத்தைக் குறைத்து அதை அடக்கலாம். உங்கள் கேமராவிலும் 400 வேகக் கறுப்பு வெள்ளை ரோல்தான் இருக்கும், நீங்களும் வீட்டில்தான் கழுவுவீர்கள் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

ஸ்லைடு போடுகிறவர்களுக்கு இதெல்லாம் தலைகீழ். ஸ்லைடும் டிஜிட்டலைப் போலவே வெளிச்ச முனையில் சாகும் ஜாதி. 2018-ல் திரும்பிவந்த எக்டாக்ரோமைப் போட்டிருந்தால் காம்பாக்டின் திரையை ஏறக்குறைய நேரடியாகவே நம்பலாம். அந்த ரோல் விற்கும் விலைக்கு அப்படி ஒரு துணை இல்லாமல் எடுப்பதுதான் எனக்கு வீரமாகப் படவில்லை.

மாற்றக்கூடாத இன்னொன்று இருட்டுநேர எக்ஸ்போஷர். காம்பாக்டை ஐஎஸ்ஓ 800-ல் வைத்துச் சோதித்து, 15 நொடி சரியாக வருகிறதென்றால் 400 பிலிமுக்கு 30 நொடி என்று கணக்குப் போடுவது இயல்பு. ஆனால் பிலிம் நீண்ட நேர ஒளிக்குச் சோம்பல்படும். எச்பி5 பிளஸுக்கு இல்ஃபோர்ட் கொடுக்கும் அடுக்கு எண் 1.31, அதன்படி அளந்த 30 நொடி ஏறக்குறைய 86 நொடியாகிவிடுகிறது. டிரை-எக்ஸில் 10 நொடிக்கு 50 நொடி, 100 நொடிக்கு 1,200 நொடி என்று கோடக்கின் அட்டவணை சொல்கிறது. சோதனைப் படம் சரி, அதற்குப் பிறகு வரும் பெருக்கல் கணக்கை டிஜிட்டல் நமக்காகப் போடாது. பிலிம் பெட்டியோடு வரும் தாளை எறிந்துவிடாமல் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோகஸ் ஆழத்திலும் காம்பாக்ட் பொய்தான் சொல்லும். 35 மிமீ ஃப்ரேம் 24-க்கு 36 மிமீ. பழைய காம்பாக்டுகளில் அதிகம் வந்த சென்சார் ஆறு மிமீ அகலம்கூட இல்லை. நீள அகலத்தில் ஆறில் ஒரு பங்கு, பரப்பில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. அதனால் காம்பாக்டின் எஃப் 2.8-ல் தெரியும் ஆழம், 35 மிமீ பிலிமில் எஃப் 16-ஐ ஒட்டியது. காம்பாக்ட் திரையில் பின்னணியில் கூர்மையாகத் தெரியும் விளக்குக் கம்பம், உங்கள் 50 மிமீ லென்ஸில் எஃப் 2-ல் கரைந்துவிடும். இதைக் கேள்விப்பட்ட சிலர் அடுத்த பள்ளத்தில் விழுகிறார்கள்: எக்ஸ்போஷருக்கும் அந்த ஆறால் பெருக்குகிறார்கள். வேண்டாம். எக்ஸ்போஷருக்கு எஃப் 2.8 எங்கே போனாலும் எஃப் 2.8-தான். இரண்டு கேமராவின் ஐஎஸ்ஓ எண்களுக்கிடையே அரை ஸ்டாப் அளவில் வித்தியாசம் இருக்கலாம். வெறும் சுவர் ஒன்றை நம்பகமான மீட்டராலும் காம்பாக்டாலும் அளந்து, வித்தியாசத்தைக் கேமராவின் அடியில் ஒட்டிவைத்துவிட்டால் போதும். அப்படியே உங்கள் பழைய எஸ்எல்ஆரின் மீட்டரையும் சரிபாருங்கள். 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்கென்று செய்த மீட்டரில் இன்று கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் பல மாடல்கள் வெளிச்சத்தைக் கூட்டிச் சொல்லும், நெகட்டிவ் மெலிந்துபோகும்.

கறுப்பு வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை. சிவப்பு இட்லிப்பூவும் அதன் பச்சை இலையும் கண்ணுக்கு எவ்வளவு எதிரெதிராகத் தெரிந்தாலும் பிலிமில் இரண்டும் ஒரே சாம்பலாகச் சேர்ந்துவிடக்கூடும். அரக்குப் பட்டுப் புடவையும் வாழைமரப் பின்னணியும் அப்படித்தான். காம்பாக்டைக் கறுப்பு வெள்ளையில் வைத்துப் பார்த்தால் இந்த ஆபத்து முன்கூட்டியே தெரிந்துவிடும். அதன் சாம்பல், பிலிமின் சாம்பலோடு துல்லியமாக ஒத்துப்போகாது என்பது உண்மை. ஆனால் மஞ்சள் ஃபில்டரோ சிவப்பு ஃபில்டரோ எடுக்க வேண்டுமா என்று முடிவுசெய்ய அவ்வளவு துல்லியம் தேவையில்லை.

எடுத்து முடித்த பிறகும் அதற்கு வேலை இருக்கிறது, சொல்லப்போனால் பணம் மிச்சமாவது இங்கேதான். நெகட்டிவுக்குத் தேதியும் எண்ணும் தானாக ஏறுவதில்லை. முக்கியமான ஃப்ரேமை எடுத்ததும் அதே இடத்திலிருந்து காம்பாக்டில் ஒன்று, பிலிம் கேமராவின் டயல்களைக் கிட்டத்தில் வைத்து ஒன்று. கடிகாரம் சரியாக இருந்தால் நோட்டுப்புத்தகம் வேண்டியதில்லை. பிலிம் கழுவிக் காய்ந்து, ஆறாறு ஃப்ரேமாக வெட்டி உறையில் போட்டதும், உறையை ஒளிப்பலகைமேல் வைத்து மொத்தமாக ஒரு படம் எடுத்து நிறத்தைத் தலைகீழாக்கினால் காண்டாக்ட் ஷீட் தயார். ஒளிப்பலகை இல்லையென்றால் டேப்லெட்டின் வெள்ளைத் திரை போதும். புள்ளிகள் பதியாமலிருக்க உறையை இரண்டு விரற்கடை உயரத்தில் தூக்கிவைக்க வேண்டும். அதைப் பார்த்து, ஸ்கேன் செய்யத் தகுந்த நாலைந்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். லேபுகளுக்கு இது பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும். ரோல் முழுவதையும் ஸ்கேன் செய்து தரும்போது அவர்களின் இயந்திரம் ஒவ்வொரு ஃப்ரேமையும் தானாகத் திருத்திவிடுகிறது. மெலிந்த நெகட்டிவும் பார்வைக்குச் சுமாரான படமாகி வருவதால், எக்ஸ்போஷர் தப்பு என்பதே எடுத்தவருக்குத் தெரியாமல் போகிறது. உறையை முழுசாகப் பார்க்கும்போது எது கண்ணாடி, எது கரி என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் கைபேசி போதாதா என்ற கேள்வி வரும். இன்றைய கைபேசி பல ஃப்ரேம்களை அடுக்கி, நிழலைத் தூக்கி, வெள்ளையை அடக்கி, காட்சியில் இல்லாத சமநிலையைக் காட்டுகிறது. அந்தப் படத்தைப் பார்த்து மண்டபத்தின் ஒளி வேறுபாட்டைத் தீர்மானித்தால், ஒரே ஒரு ஃப்ரேமில் பதியும் பிலிம் உங்களைக் கைவிட்டுவிடும். தனிச் செயலியில் மேனுவலாக, ராவாக எடுக்கலாமே என்றால், எடுக்கலாம். மீட்டராக அது நன்றாகவே உழைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரும்பாலான கைபேசிகளில் அப்பர்ச்சர் அசையாது, ஸ்டூடியோ ஃப்ளாஷோடு சேர்ந்து வேலை செய்ய வழியில்லை, எல்இடி விளக்கு ஃப்ளாஷும் அல்ல. படம் எடுக்கும் நேரத்தில் அழைப்பு வருவது பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

காம்பாக்ட் வாங்குவது பற்றிச் சுருக்கமாக. மேனுவல் மோடு கட்டாயம், ஸ்பாட் மீட்டரிங் கட்டாயம். ஏஏ பேட்டரியில் ஓடினால் நல்லது. எக்ஸ்டி கார்டு கேட்கும் கேமரா இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். மிகப் பழைய எஸ்டி கேமராக்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைப் படிக்காது. பழைய பவர்ஷாட் சிலவற்றில் சிஎச்டிகே என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் ரா, ஹிஸ்டோகிராம் எல்லாம் கிடைக்கும். ‘சிசிடி நிறம்’ என்று ஒரு மந்திரத்தைச் சொல்லி, மூலையில் கிடந்த கேமராக்களின் விலையை இப்போது பல மடங்கு ஏற்றிவைத்திருக்கிறார்கள். அந்த நிறத்தில் பெரும்பங்கு அக்காலத்து ஜேபெக் கணக்கும் ஃபில்டரும் செய்தவை. சோதனைப் படத்துக்கு அதற்காகக் காசு கொடுக்கத் தேவையில்லை. 2005-ல் வெப்பமும் ஈரமும் தாக்கிச் சிசிடி சென்சார்கள் கெட்டு, பல நிறுவனங்கள் அவற்றை இலவசமாக மாற்றிக்கொடுக்க வேண்டிவந்ததை விற்பவர்கள் சொல்லமாட்டார்கள். கடலோர ஊரில் இருக்கும் நாம் ஒரு படம் எடுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஊதா நிறம் ஏறியோ கோடுகள் ஓடியோ வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஓர் ஆட்சேபம், இருப்பதிலேயே நியாயமானது இதுதான்: சோதனைப் படமே பிலிம் படத்தைவிட நன்றாக வந்துவிட்டால்? வரும். ஆள் இயல்பாக இருந்த கணம் காம்பாக்டில் சிக்கிவிடும். பெரிய கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும்போது அவர் நிமிர்ந்து, சட்டையைச் சரிசெய்து, படத்துக்கென்று ஒரு முகத்தை அணிந்திருப்பார். பிலிம்காரர்களின் கேலியில் எனக்கு உறைத்தது இந்த ஒன்றுதான், ஆனால் அதற்குக் காரணம் அவர்கள் சொல்கிற சோம்பல் அல்ல, வரிசை தப்பியது. கறுப்பு வெள்ளைத் தெருப்படங்களால் பெயர்பெற்ற டைடோ மொரியாமா சின்ன டிஜிட்டல் கேமராவுக்கே போய்விட்டார். கணத்தைத் துரத்துகிறவருக்கு அதுவும் ஒரு வழி. பிலிமில்தான் அந்தக் கணம் வேண்டுமென்றால், ஆள் வருவதற்கு முன் அவர் நிற்கப்போகும் சுவரையோ, உட்காரப்போகும் நாற்காலியையோ, பையன் ஒருவனை நிறுத்தியோ சோதித்துவிட்டு, காம்பாக்டை அணைத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட வேண்டும். தெருவில் ஒளி ஒவ்வொரு திருப்பத்திலும் மாறுமே என்றால், வெயில் பக்கத்துக்கு ஓர் எண், நிழல் பக்கத்துக்கு ஓர் எண் என்று கிளம்பும்போதே இரண்டை அளந்து மனதில் வைத்துக்கொண்டால் போதும். நம் ஊரில் காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை, மேகம் வராத நாளில், அந்த இரண்டும் பெரிதாக மாறுவதில்லை.